ஹாரிசன்ஸ் ராக்ஸ் போனவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் மக்களே. செப்டம்பர்ல லண்டன்ல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போறேன். அப்படியே ஈஸ்ட் சசெக்ஸ்ல, குரூம்பிரிட்ஜ் பக்கம் இருக்கிற ஹாரிசன்ஸ் ராக்ஸ்ங்கிற பாறையிலயும் ஏறிப் பார்க்க ஆசை. நான் பழகினதெல்லாம் நம்ம பத்துமலை குவா டாமாய்லதான். கெட்டியான சுண்ணாம்புப் பாறை, பாறையில அடிச்சு வெச்சிருக்கிற போல்ட்டுல கயிறை கிளிப் போட்டுக்கிட்டே மேல போயிடலாம்.

ஹாரிசன்ஸ் வேற கதை. மணற்பாறை. மேல்தோல் மட்டும்தான் கெட்டி, பேர்ந்துட்டா உள்ள பொலபொலன்னு உதிரும். பாதுகாக்கப்பட்ட இடம் வேற. அதனால டாப் ரோப், அதாவது மேலயிருந்து கட்டித் தொங்கவிட்ட கயிறு மட்டும்தான். ஓடுற கயிறு விளிம்புல உரசவே கூடாது. காரபினர் (கயிறு ஓடுற உலோகக் கொக்கி) விளிம்பைத் தாண்டிக் கீழ தொங்கணும், அதைத் தாங்குற கயிறு அசையாம இருக்கணும், அடியில கம்பளத் துண்டு மாதிரி ஏதாவது வைக்கணும். கயிறு அறுத்த பழைய பள்ளங்கள் இன்னும் அங்க இருக்கு, பார்த்தா நியாயம்னுதான் தோணுது. பாறை ஈரமா இருந்தா ஏறவே கூடாது.

என் கேள்வி இதுதான். விளிம்புக்குப் போட ஸ்டேட்டிக் கயிறு (அதிகம் இழுபடாத கயிறு) எத்தனை மீட்டர் வேணும்? கேஎல்லயே வாங்கிடவா, அங்க வாடகைக்குக் கிடைக்குமா? எரிட்ஜ் ஸ்டேஷன்ல இறங்கி, பையைத் தூக்கிக்கிட்டு நடக்கிறது சிரமமா? கீழ நின்னு என் கயிறைப் பிடிக்க, அதான் பிலே பிடிக்க, அத்தான் வரேங்கிறார், ஆனா அவருக்குத் தெரிஞ்ச ஒரே முடிச்சு வேட்டி முடிச்சு. அந்தப் பக்கம் ஏறுற நம்மாளுங்க யாரையாவது தெரிஞ்சா பிஎம் பண்ணுங்க, ப்ளீஸ்.