காலையில மட்டும் படம் வராது, தேதி 2009ன்னு காட்டுது – மதர்போர்ட் போயிருச்சா?

மஸ்கெலியா அண்ணன்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மஸ்கெலியா பக்கம் தோட்டத்துல இருக்குறோம். தங்கச்சி ஏஎல்ல (உயர்தரத்துல) ஐசிடி, அதாவது கம்பியூட்டர் பாடம் செய்றா, அவளுக்காக போன வருஷம் கொழும்புல வேலை செஞ்சு சேத்த காசுல ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கிக் கொடுத்தேன். இப்ப ரெண்டு மாசமா ஒரே கஷ்டம். விடிய அஞ்சு மணிக்கு எந்திரிச்சு படிக்க ஆன் பண்ணா ஃபேன் சுத்துது லைட் எரியுது ஆனா மொனிட்டர்ல ஒண்ணுமே வராது, ஓஃப் பண்ணி ஆன் பண்ணி மூணாவது நாலாவது தடவைதான் படம் வரும். வந்தாலும் கறுப்பு ஸ்கிரீன்ல ஏதோ எழுதி எஃப் 1 அமத்தச் சொல்லுது. உள்ள போனா தேதி 2009 ஜனவரி 1. பிரவுசர்ல எந்த சைட் திறந்தாலும் பாதுகாப்பு இல்லைன்னு சொல்லி நிப்பாட்டிருது, தேதிய சரி பண்ணாதான் விடுது. மத்தியானத்துல ஆன் பண்ணா ஒரே தடவையில படம் வந்துரும், அதுதான் எங்களுக்கு விளங்கவே இல்ல.

ஒரு கடைக்கு பஸ்ல மடியில வச்சு தூக்கிட்டுப் போனோம். அங்க போட்டா முதல் தடவையே வேலை செஞ்சிச்சு. ஆனாலும் மதர்போர்ட் போயிருச்சு, மாத்த 18,000 ஆகும்னு சொல்லிட்டாங்க. அம்மா கொழுந்து பறிச்சு கொண்டுவர்ற காசுல வீடு ஓடுது, 18,000 சும்மா எடுத்து வைக்க ஏலாது. உண்மையிலயே போர்ட் போயிருச்சா? இன்னொண்ணு, கேசுல வெறுங்கை பட்டா லேசா குறுகுறுன்னு இழுக்குது, அதுவும் இதோட சேந்ததா?

ஹட்டன் ரிப்பேர்காரர்:

தம்பி, அவசரப்பட்டு காசு கொடுத்துராதீங்க. நான் ஹட்டன்ல 11 வருஷமா இந்த வேலைதான் செய்றேன், நீங்க சொல்றதுல ஒண்ணு இல்ல, ரெண்டு பிரச்சினை இருக்கு, ரெண்டும் ஒரே நேரத்துல வர்றதால ஒண்ணு மாதிரி தெரியுது. முதல்ல ரெண்டு விஷயம் சொல்லுங்க. ராவைக்கு சுவர் சுவிட்ச்சையும் ஓஃப் பண்ணுவீங்களா? கம்பியூட்டர எங்க வச்சிருக்கீங்க?

மஸ்கெலியா அண்ணன்:

ஓம் அண்ணே, பிளக்கையே கழட்டிருவோம். ஐப்பசி இடியில பக்கத்து காம்பரா டிவி எரிஞ்சு போச்சு, அதுல இருந்து பயம். கம்பியூட்டர் முன் காம்பராவுல இருக்கு, ஆனா அதுக்குப் பின்னால இருக்குற சுவருக்கு அந்தப் பக்கம்தான் அடுப்படி. விறகடுப்பு. மேல சுவரும் கூரையும் சேர்ற இடத்துல இடைவெளி இருக்கு, புகை வரும்.

ஹட்டன் ரிப்பேர்காரர்:

அப்ப சரி, இப்ப விளங்குது.

தேதி பிரச்சினை சின்னது. மதர்போர்ட்ல காசு மாதிரி வட்டமா ஒரு பெட்டரி இருக்கும், சி.ஆர். 2032ன்னு பேரு. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு, நம்பரே அளவத்தான் சொல்லுது. 3 வோல்ட். பிளக் போட்டிருக்குற வரைக்கும், நீங்க கம்பியூட்டர ஓஃப் பண்ணியிருந்தாலும், கேசுக்குள்ள கரண்ட் கொடுக்குற பவர் சப்ளைப் பெட்டியில இருந்து 5 வோல்ட் ஸ்டேண்ட்பை வந்துகிட்டே இருக்கும், மணிக்கூடு அதுல ஓடும். பிளக்க கழட்டின உடனதான் அந்தப் பெட்டரி வேலைக்கு வருது. உங்க பெட்டரி செத்துப் போயிருக்கு, ராவைக்கு பிளக் கழட்டுறீங்க, அதனால ஒவ்வொரு விடியலும் 2009. மல்டிமீட்டர் இருந்தா வச்சுப் பாருங்க, புதுசுல 3க்கு மேல காட்டும், 2.7க்கு கீழ இறங்கினா மாத்துற நேரம். சில நூறு ரூவாதான், மணிக்கூடு விக்கிற கடையிலயும் கிடைக்கும்.

ஆனா ஒண்ணு சொல்லிர்றேன், பெட்டரிய மாத்தினா படம் வராத பிரச்சினையும் போயிரும்னு நினைக்காதீங்க. அது வேற. கடையில முதல் தடவையே வந்ததும் மத்தியானத்துல வர்றதும் எனக்கு பெரிய சாட்சி. போர்ட் செத்திருந்தா மத்தியானம்னு பாத்து உயிர் வராது. உங்க பக்கம் விடிய எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், மவுசாகலை நீர்த்தேக்கத்துத் தண்ணி மேல இருந்து பனி ஏறி வந்து காம்பராவுக்குள்ளயே நிக்கும். ராமுழுக்க குளுந்து போன இரும்பு, அந்த நேரத்துல அம்மா அடுப்ப மூட்டி தேத்தண்ணிக்கு தண்ணி கொதிக்க வைப்பாங்க, அந்தச் சூடான ஈரக்காத்து குளுந்த இரும்புல பட்டா வேர்க்கும், கண்ணாடில மூச்சு விட்டா பூக்குற மாதிரி. அதோட புகைக்கரி வேற. கரி ஈரத்த இழுத்து வச்சுக்கும். ரேம் (நினைவகம்) குச்சியோட மஞ்சக் கால்கள்ல அது படிஞ்சா தொடுப்பு சரியா பிடிக்காது, ஃபேன் சுத்தும், படம் வராது.

நாளைக்கு விடிய படம் வராதப்ப இத செய்ங்க. பிளக்க கழட்டிட்டு பவர் பட்டன 15 செக்கன் அமத்திப் பிடிங்க, மிச்ச கரண்ட் இறங்கட்டும். ரேம் எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு ரேம் இல்லாமலே ஆன் பண்ணுங்க. கேசுல சின்ன ஸ்பீக்கர் இருந்தா பீப் பீப்னு கத்தும். கத்துச்சுன்னா போர்டும் பிராசசரும் உயிரோட இருக்கு, ரேம தேடுதுன்னு அர்த்தம். ஸ்பீக்கர் இல்லாட்டி கத்தாது, அத வச்சு போர்ட் செத்துச்சுன்னு முடிவு கட்டாதீங்க. பிறகு மறுபடி பிளக்க கழட்டிட்டு, ரேம் கால்கள அழிரப்பரால மெதுவா தேச்சு தூள் இல்லாம ஊதிட்டு, டக்குன்னு சத்தம் வர்ற மாதிரி அழுத்திப் போடுங்க.

நானுஓயா:

அழிரப்பர் வேணாம் அண்ணே. அந்தக் கால்ல இருக்குற தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு, ஒரு தடவ ரெண்டு தடவைக்கு பரவால்ல, அடிக்கடி தேச்சா அடியில இருக்குற உலோகம் வெளிய வந்து இன்னும் சீக்கிரமா கறுக்கும். ஐசோப்ரொப்பைல் அல்ககோல் எலக்ட்ரோனிக்ஸ் சாமான் கடையில கேட்டா கிடைக்கும், பஞ்சு இல்லாத துணியில தொட்டு துடைங்க, காஞ்ச பிறகு போடுங்க.

இன்னும் ஒண்ணு, ரேம சுத்தம் பண்ணியும் விடிய வரலைன்னா அடுத்து பவர் சப்ளைய பாக்கணும். உள்ள இருக்குற கெப்பாசிட்டர் (கரண்ட சேத்து வைக்கிற சாமான்) பழசானா குளிர்ல சரியா வேலை செய்யாது, நாலு தடவ போட்டு கொஞ்சம் சூடேறின பிறகுதான் எழும்பும். வேற நல்ல பவர் சப்ளை ஒண்ணு கடன் வாங்கி விடிய போட்டுப் பாத்தா தெரிஞ்சிரும். ஆனா அந்த பவர் சப்ளைப் பெட்டிய மட்டும் நீங்க திறக்காதீங்க, பிளக் கழட்டின பிறகும் உள்ள கரண்ட் நிக்கும், அது ஆளையே அடிக்கும்.

கேஸ் குறுகுறுன்னு இழுக்குதுன்னு சொன்னீங்களே, எனக்கு அதுதான் பெரிசா படுது. எர்த், அதாவது கசியிற கரண்ட நிலத்துக்கு இறக்குற வயர், இல்ல. பழைய லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வயரிங்ல நிறைய இடத்துல மூணாவது ஓட்டை பேருக்குத்தான் இருக்கும், பின்னால வயரே இருக்காது, இல்லாட்டி ரெண்டு முள்ளு அடாப்டர் போட்டிருப்பீங்க. பவர் சப்ளைக்குள்ள கரண்ட்ல வர்ற இரைச்சல வடிகட்ட ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் லைனுக்கும் கேசுக்கும் நடுவுல இருக்கும், எர்த் இருந்தா அந்தக் கசிவு அதுல போயிரும், இல்லாட்டி கேஸ்ல நிக்கும், நம்ம 230 வோல்ட்ல பாதி அளவுக்கு. கரண்ட் ரொம்பக் கொஞ்சம்தான், அதனால குறுகுறுப்போட போகுது. ஆனா என்னைக்காவது உள்ள ஒரு வயர் உரிஞ்சு கேசத் தொட்டா காப்பாத்த ஒண்ணுமே இல்ல. ஈரத் தரையில வெறுங்காலோட தங்கச்சி உக்காந்து படிக்கிறா. வயர்மேன் ஒருத்தர கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பாக்கச் சொல்லுங்க, பெட்டரிக்கு முந்தி இத செய்ங்க.

பண்டாரவளை டீச்சர்:

தங்கச்சி ஐசிடி படிக்கிறான்னு சொன்னதால எழுதுறேன், அவகிட்ட இத காட்டுங்க, பாடத்துக்கே உதவும். 1981ல வந்த முதல் ஐபிஎம் பிசில இந்தப் பெட்டரி மணிக்கூடு இல்ல, ஒவ்வொரு தடவ ஆன் பண்றப்பவும் ஆள்தான் தேதிய அடிக்கணும். 1984ல வந்த ஏடி மொடல்லதான் பெட்டரியில ஓடுற மணிக்கூட்டு சிப் போர்டுக்கு வந்திச்சு. அந்த மணிக்கூட்டோட பளிங்கு (கிரிஸ்டல்) ஒரு செக்கனுக்கு 32,768 தடவ அதிரும். ஏன் அந்த எண்ணுன்னு அவகிட்டயே கேளுங்க, பதினஞ்சு 2ஐ வரிசையா எழுதி ஒண்ணோட ஒண்ணு பெருக்கினா அதுதான், 15 தடவ பாதியாக்கினா செக்கனுக்கு சரியா ஒரு தடவ.

பிரவுசர் கோவிக்கிறதுக்கும் காரணம் இருக்கு. ஒவ்வொரு சைட்டும் ஒரு சான்றிதழ் காட்டும், அதுல இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும்தான் செல்லும்னு இருக்கும். உங்க கம்பியூட்டர் 2009ன்னு நம்புது, சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லைன்னு நினைச்சு கதவ சாத்துது. வைரசு இல்ல, பயப்பட வேணாம். அதுக்காக எச்சரிக்கைய தள்ளிட்டு உள்ள போகவும் வேணாம், தேதிய திருத்துங்க.

பெட்டரி கழட்ட முந்தி பயோஸ் (விண்டோஸுக்கு முந்தி வர்ற போர்ட் செட்டிங்) பக்கங்கள போன்ல படம் எடுத்து வைங்க. பழைய போர்ட்ல செட்டிங் எல்லாம் அழிஞ்சு ஹார்ட் டிஸ்க் மோட் மாறிரலாம், மாறினா விண்டோஸ் நீல ஸ்கிரீனோட நிக்கலாம். வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா அந்தப் பெட்டரிய ஒரு நிமிஷம் கூட கீழ வைக்காதீங்க. முழுங்கி தொண்டையில நின்னா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே உள்ள சதைய அரிச்சிரும், யாராவது முழுங்கிட்டா உடன ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

மஸ்கெலியா அண்ணன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நாலு நாள் கழிச்சு எழுதுறேன். பெட்டரி 1.1 வோல்ட்தான் காட்டிச்சு. ரேம் இல்லாம போட்டப்ப நீளமா பீப் பீப்னு கத்திச்சு, தங்கச்சி கையத் தட்டினா. ரேம் கால்ல பென்சில்ல கோடு போட்ட மாதிரி கறுப்பா ஒரு வரி, துடைச்ச துணியில புகை வாசம் அப்படியே வந்திச்சு. அல்ககோல்ல துடைச்சுப் போட்டோம், மேசைய எதிர்ப்பக்க சுவருக்கு மாத்திட்டோம், மேல இடைவெளிய தகரத்தால அடைச்சிட்டேன். நாலு நாளும் விடிய அஞ்சு மணிக்கு ஒரே தடவையில வருது, தேதியும் சரி.

வயர்மேன் வந்து பாத்தாரு, நானுஓயா அண்ணன் சொன்னதுதான், எர்த் ஓட்டைக்குப் பின்னால வயரே இல்ல. ஞாயித்துக்கிழம கம்பி அடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்காரு, அதுவரைக்கும் தங்கச்சிய செருப்புப் போட்டு உக்காரச் சொல்லியிருக்கேன். இடி நேரத்துல பிளக் கழட்டுற பழக்கம் இருக்கட்டுமா? பழைய பெட்டரிய என்ன செய்றது?

ஹட்டன் ரிப்பேர்காரர்:

நல்ல செய்தி தம்பி. ஞாயிறு வரைக்கும் செருப்பு போதாது, முடிஞ்சா ஓட விடாமலே வைங்க, இல்லாட்டி ஓடுறப்ப கேசத் தொடாம பாத்துக்கச் சொல்லுங்க. பிளக் கழட்டுற பழக்கம் கட்டாயம் இருக்கட்டும், பங்குனி சித்திரையிலயும் ஐப்பசி கார்த்திகையிலயும் பின்னேர இடி மோசம். ரவுட்டருக்கு டெலிபோன் வயர் வருதுன்னா அதையும் கழட்டுங்க, அது வழியாவும் உள்ள வரும். பழைய பெட்டரிய அடுப்புல போட்டுறாதீங்க, வெடிக்கும். ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க, ஹட்டன் பக்கம் வந்தா என்கிட்ட கொடுங்க, நான் சேத்து அனுப்புறதோட அனுப்பிர்றேன்.