சியரா லியோனில் சுரங்க உரிமங்களைக் கணினியில் ஏற்றிய நாட்கள்

வெளிநாட்டு உதவியால் ஓர் ஏழை நாட்டின் சுரங்க நிர்வாகம் உண்மையிலேயே சீராகுமா என்று இங்கே கேட்டிருந்த நண்பருக்காக இதை எழுதுகிறேன். உரிமங்களைக் கணினிப் பதிவேட்டுக்கு மாற்றும் திட்டம் ஒன்றில் தரவுத்தளப் பணிக்காக 2013-இல் சியரா லியோனுக்குச் சென்று, பதினான்கு மாதங்கள் அங்கே இருந்தேன்.

1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு வைரம் தீனி போட்டது பலரும் அறிந்ததே. அரசின் சான்றிதழ் இல்லாத சியரா லியோன் வைரங்களை வாங்க ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000-இல் தடை விதித்தது. போருக்குப் பணமாகும் வைரங்களைச் சந்தையிலிருந்து விலக்க, கிம்பர்லி சான்றளிப்பு முறை என்ற பன்னாட்டு ஏற்பாடு 2003-இல் வந்தது. முறையான வைர ஏற்றுமதி 2000-இல் ஏறத்தாழ 1 கோடி டாலராக இருந்து 2004-இல் 12 கோடி டாலரைத் தாண்டியதற்கு, போர் ஓய்ந்து ஆட்கள் குழிகளுக்குத் திரும்பியதும் காரணம், கடத்தலாகப் போனதில் ஒரு பகுதி கணக்குக்குள் வந்ததும் காரணம். பின்னர் 2009-இல் புதிய சுரங்கச் சட்டமும் 2012-இல் தேசியக் கனிம முகமைக்கான சட்டமும் இயற்றப்பட்டன. உலக வங்கி, பிரிட்டன், ஜெர்மனி ஆகியவற்றின் நிதியும் ஆலோசனையும் இச்சீர்திருத்தங்களுக்குத் துணை நின்றன.

நான் அமர்ந்தது ஒரு மாவட்ட அலுவலகத்தில். அங்கிருந்த பேரேட்டில் மழைக்காலத்து ஈரம் ஏறி மை பரவியிருந்ததால், ஓர் எண் 3-ஆ 8-ஆ என்று தீர்மானிக்கவே சில நேரம் அரை நாள் ஆகும். ஆற்றோரத்து நிலம் ஒன்றுக்கு, ஒரே இலவ மரத்தை எல்லையாகக் குறித்து, இருவருக்கு உரிமம் எழுதப்பட்டிருந்தது. இருவரும் கட்டணம் செலுத்தியவர்கள், இருவரிடமும் ரசீது இருந்தது. அங்கே நெடுநாள் பணிபுரிந்த எழுத்தர் ஒருவரோடு ஜிபிஎஸ் கருவியை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். இடுப்பளவு நீரில் நின்றபடி, ‘ஷேக்கர்’ என்று அவர்கள் சொல்லும் வட்டச் சல்லடையில் சரளையை அலசிக்கொண்டிருந்தவர்களுக்குத் தாங்கள் யாருடைய உரிமத்தில் தோண்டுகிறோம் என்பதே தெரியவில்லை. ‘சப்போர்ட்டர்’ எனப்படும் முதலீட்டாளர் நாள்தோறும் அளந்து கொடுக்கும் அரிசியும், கல் கிடைத்தால் அதில் ஒரு பங்கும்தான் அவர்கள் கண்ட ஒப்பந்தம்.

திரும்பி வந்து அளவுகளைப் பதிந்தபோது, இரண்டு நிலங்களும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. உரிமதாரர்கள் இருவரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். புதிய பதிவேட்டில் ஏற்கெனவே உரிமம் உள்ள நிலத்தின்மேல் இன்னொன்றை வரைய இயலாது. ரசீது எண்ணைப் பதியாமல் உரிமத்தை அச்சிடவும் இயலாது. இவை நுட்பம் குறைந்த ஏற்பாடுகளே என்றாலும், உதவி நிதியால் அங்கே விளைந்தவற்றுள் இவற்றையே நான் பெரிதாக மதிக்கிறேன். அதே அலுவலகத்தின் மேற்பார்வையாளருக்குத் திட்ட நிதியில் மோட்டார் சைக்கிள் கிடைத்தது, ஆனால் பெட்ரோல் ‘தொடர் செலவு’ என்பதால் விதிகளின்படி அதற்குப் பணம் தர முடியாது என்றார்கள். விடுதிகளில் பயிலரங்குகள் நடத்தப் பணம் இருந்த காலத்தில் அந்த வண்டி வாரக்கணக்கில் தாழ்வாரத்தில் நின்றதை நினைத்தால் இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

மற்றோர் உறுப்பினரின் மறுமொழி:

பப்புவா நியூ கினியின் மேற்கு மாகாணத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவள் நான். ஓக் டெடி செம்புச் சுரங்கத்தின் கழிவு கலந்த ஃப்ளை ஆற்றின் கரைகளில் மீனும் சவ்வரிசிப் பனையும் குறைந்தபோது அதிகம் துன்பப்பட்டவர்கள் பெண்கள். இழப்பீட்டுப் பேச்சில் மட்டும் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. சுரங்கப் பகுதிப் பெண்களின் மாநாடுகளுக்கு உலக வங்கி துணை நின்ற காலத்தை ஒட்டி, 2006-இல் தொடங்கிய மறுபேச்சுவார்த்தையில் அவர்களும் மேசையில் அமர்ந்தார்கள். இழப்பீட்டு நிதியில் 10 சதவீதத்தைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என ஒதுக்கச் செய்தார்கள். உங்கள் பதிவேடு உரிமதாரருக்கு உதவியது புரிகிறது, ஐயா. குழிக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு அதனால் என்ன கிடைத்தது?

முதலில் எழுதியவரின் பதில்:

நியாயமான கேள்வி, அம்மா. வைர ஏற்றுமதி மீதான 3 சதவீத வரியில் கால் பங்கை, அதாவது ஏற்றுமதி மதிப்பில் 0.75 சதவீதத்தை, சிறு சுரங்கங்கள் உள்ள சீஃப்டம்களுக்கு (மரபுத் தலைவர்களின் கீழுள்ள உள்ளூர் நிர்வாகப் பகுதிகளுக்கு) திருப்பித் தரும் ஏற்பாடு 2001-இல் அங்கே தொடங்கியது. எத்தனை உரிமங்கள் உள்ளனவோ அதைப் பொறுத்தே ஒவ்வொரு சீஃப்டத்தின் பங்கும் அமைந்தது என்பதால், பதிவேடு பிழையானால் ஊரின் பங்கும் பிழையாகும். பங்குத் தொகையை ஊர்ப் பொதுக்கூடத்தின் தூணில் ஒட்டிய நாளில் நான் அங்கே இருந்தேன். எழுத்தறியாத முதியவர் ஒருவர் பள்ளிச் சீருடையில் இருந்த பேரனை நிறுத்தி அதை வாசிக்கச் சொன்னார், மறுபடியும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு எதிரே இருந்த சந்தைக் கொட்டகையின் தகரங்களை விரல் நீட்டி எண்ணினார். பதினொன்று இருந்தன. அன்று மாலை நடந்த கூட்டத்தில் அந்த முதியவர், பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.