கிஸ்பர்ன் அருங்காட்சியகமும் தமிழ் மணியும்: எங்கே, எத்தனை நாள்?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நியூசிலாந்தின் கிஸ்பர்ன் நகரில் வேலை பார்க்கும் மகளின் வீட்டில், வரும் ஜனவரியில் நானும் மனைவியும் மூன்று வாரம் தங்கவிருக்கிறோம். அவ்வூரில் தைராஃபிட்டி அருங்காட்சியகம் என ஒன்று உண்டென்றும், ஓவியம், ஊர் வரலாறு, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மரபு மூன்றையும் அங்கே ஒருசேரப் பார்க்கலாம் என்றும் மகள் எழுதியிருக்கிறாள். எனக்கோ, தமிழ் எழுத்துப் பொறித்த பழைய கப்பல் மணி என முப்பது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவந்த ‘நியூசிலாந்துத் தமிழ் மணி’யை ஒருமுறையேனும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதே ஆசை. அந்த மணி கிஸ்பர்னில்தான் இருக்கிறதா? இல்லையென்றால், ஒரு சிற்றூர் அருங்காட்சியகத்துக்காக ஒரு நாளைச் செலவிடுவது தகுமா?

குப்பம் வாசகி:
வணக்கம் ஐயா. இப்போது ஆந்திர எல்லையில் குப்பத்தில் இருக்கிறேன். அதற்கு முன் சில ஆண்டுகள் நியூசிலாந்தின் நேப்பியர் நகரில் வாழ்ந்தவள். மணி கிஸ்பர்னில் இல்லை. அது தலைநகர் வெலிங்டனில், தெ பாப்பா என்னும் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. கிஸ்பர்னிலிருந்து சாலை வழியே 500 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு 2024 செப்டம்பர் முதல் அங்கே 35 நியூசிலாந்து டாலர் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். மணி அன்றைக்குக் காட்சியில் இருக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். பெரிய அருங்காட்சியகங்களில் எல்லாப் பொருளும் எந்நாளும் வெளியே இருப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏமாற்றம் அடையாதீர்கள். கோயில் மணியின் அளவை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது மிகச் சிறியதாகத் தெரியும். உயரம் 13 சென்டிமீட்டர்தான், அடி விளிம்பும் உடைந்து போயிற்று. வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவ மிஷனரி 1836 வாக்கில் வாங்கரே பகுதியில் அதைக் கண்டபோது, மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தார்களாம். ஒரு இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது என்று அவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதன் எழுத்து ‘முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி’ என்று வாசிக்கப்படுகிறது. பெயரைப் பார்த்தால் கடல் வணிகம் செய்த நம் மரைக்காயர்களில் ஒருவரின் கப்பலாக இருக்கலாம் என்பது என் ஊகம். மணி போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது மட்டுமே உறுதி. கப்பல் போயிற்றா, ஆள்கள் இறங்கினார்களா என்பதற்கு அந்த மணி சாட்சி சொல்லவில்லை. ‘சோழர்கள் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தார்கள்’ என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதை வகுப்பில் சொல்லியிருந்தீர்களானால், அருள்கூர்ந்து திருத்திக்கொள்ளுங்கள் ஐயா.

தக்கலைக்காரர்:
ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மணிக்காகக் கிஸ்பர்னை அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். 1769 அக்டோபரில் ஆங்கிலேயக் கடற்பயணி ஜேம்ஸ் குக் நியூசிலாந்தில் முதன்முதலாகக் கரையிறங்கியது அந்த ஊரில்தான். இறங்கிய சில நாள்களுக்குள்ளேயே மாவோரிகள் பலர் சுடப்பட்டார்கள். அதற்காகப் பிரித்தானியத் தரப்பு 2019இல்தான் வருத்தம் தெரிவித்தது. அந்த வரலாற்றை, அது நடந்த ஆற்று முகத்துவாரத்திற்கு அருகிலேயே நின்று வாசிப்பது வேறு எங்கும் கிடைக்காத அனுபவம்.

அருங்காட்சியக வளாகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கப்பலின் மேல்தளப் பகுதி. 1912இல் கைத்தி கடற்கரையில் தரைதட்டி உடைந்த ‘ஸ்டார் ஆஃப் கனடா’ கப்பலிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, உள்ளூர்க்காரர் ஒருவர் தம் வீட்டுப் பக்கத்தில் வைத்திருந்தார். பிறகு அது ஊருக்கு வந்து சேர்ந்தது. மரச் சுவரைப் பார்த்துக்கொண்டு உள்ளே நின்றால், தரை நகருவதுபோல் ஒரு மயக்கம் வரும். (எனக்குக் கடல் ஒத்துக்கொள்வதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.) பக்கத்திலேயே 1872இல் கட்டிய வில்லி குடில் இருக்கிறது, அதற்குப் பத்து நிமிடம் போதும்.

வெலிங்டன் போவதானால், அப்போது தெ பாப்பாவில் காட்சியில் இருந்தால், மணியைவிட ‘தெ ஹவு கி துராங்கா’ என்னும் மாவோரிச் சபைமண்டபத்தைப் பாருங்கள். 1840களின் தொடக்கத்தில் ரஹாருஹி ருகுபோ தலைமையில் கிஸ்பர்ன் பகுதியில் செதுக்கப்பட்ட அதை, 1867இல் அன்றைய அரசு ஊராரின் எதிர்ப்பை மீறிப் பெயர்த்துக் கொண்டுபோயிற்று. எங்கள் தக்கலைக்குப் பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. ஆனால் எங்கள் அரண்மனை இருந்த இடத்திலேயே நிற்கிறது. அவர்களுடையது அப்படியில்லை.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
இருவருக்கும் நன்றி. சோழர் கதையை நான் சொல்லவில்லை அம்மா. ஆனால் மறுக்கவும் இல்லை, அது என் குறையே. மாவோரிப் பொருள்களின் முன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

குப்பம் வாசகி:
மூதாதையரின் உருவம் செதுக்கிய தூண்களைத் தொடாதீர்கள். அவர்களுக்கு அவை ‘தவோங்கா’. அதாவது, வழிவழியாக வந்த செல்வங்கள். படம் எடுக்கும் முன் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். சபைமண்டபத்துக்குள் போகும்போது செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், உணவு எடுத்துப் போகக் கூடாது. இதற்கெல்லாம் அடிப்படையாக ‘தபு’ என்றொரு கருத்து உண்டு. நம் ‘தப்பு’ என்று எண்ணிவிடாதீர்கள், நம்முடைய தீட்டும் புனிதமும் சேர்ந்த ஒன்று என்று கொள்ளலாம். வேறொரு நகரத்து அருங்காட்சியகத்தில் கைப்பையிலிருந்து முறுக்கை எடுத்து மகனிடம் நீட்டினேன். ஒரு மூதாட்டி வந்து, கோபமேயில்லாமல், என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய் உட்கார வைத்தார். அந்த முறுக்கில் பாதியை அவரும் தின்றார்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
முடிவு செய்துவிட்டோம். கிஸ்பர்ன் அருங்காட்சியகத்துக்கு இரண்டு முற்பகல்கள். வெலிங்டனுக்கு, மணி வெளியில் இருந்தால், மூன்று நாள். மணியில் உள்ள அந்த ஒரே வரியில் ‘உடைய’ இருமுறை வருவதைப் பார்த்தீர்களா? என் மாணவன் எழுதியிருந்தால் ஒன்றை அடித்திருப்பேன்.