இரவுப் பணியில் காற்றழுத்தம் குறைகிறது: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

துவாஸ் இரவுப்பணி:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் படிப்பை முடித்து, சிங்கப்பூரின் துவாஸில் ஓர் உணவுத் தொழிற்சாலையின் யுட்டிலிட்டி பிரிவில் இளநிலை மேற்பார்வையாளராக அண்மையில் சேர்ந்திருக்கிறேன். சில்லர், கூலிங் டவர், பாய்லர், இயந்திரங்களுக்கு அழுத்தக் காற்று தரும் ஏர் கம்ப்ரஸர் எல்லாம் 12 மணி நேர ஷிப்டில் என் பொறுப்பில் வருகின்றன. உடன் பணியாற்றும் டெக்னீஷியன்கள் இருவரும் வயதிலும் அனுபவத்திலும் என்னைவிட மூத்தவர்கள். கம்ப்ரஸர் பேனலில் 7.2 பார் (காற்றழுத்த அலகு) காட்டும்போதே பேக்கிங் லைனில் 5.9 பார்தான் கிடைக்கிறது. உடனே அவர்கள் இரண்டாவது கம்ப்ரஸரை ஓட்டிவிடுகிறார்கள். அழுத்தமும் சற்று ஏறுகிறது. ஆனால், காலையில் பொறியாளர் காரணம் கேட்டால் சொல்ல என்னிடம் விடை இல்லை. அளவுகளை லாக் புத்தகத்தில் தவறாமல் எழுதுகிறேன். வேறு எதைப் பார்க்க வேண்டும்?

ஜூரோங் பராமரிப்பு:
தம்பி, நீங்கள் எழுதிய இரண்டு எண்களுக்கு இடையில்தான் விடை இருக்கிறது. பேனலில் 7.2 பார் நிற்கிறதென்றால் கம்ப்ரஸர் தன் வேலையைச் செய்கிறது, மீதி 1.3 பார், காற்றின் ஈரத்தை நீக்கும் டிரையர், ஃபில்டர், குழாய் ஆகியவற்றில் எங்கோ தொலைகிறது. டிரையருக்கு முன், பின், ஃபில்டருக்குப் பின், லைனின் நுழைவாயில் என நான்கு இடங்களிலும், லைன் முழு வேகத்தில் ஓடும் ஒரே நேரத்தில், அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கம்ப்ரஸர் இழுக்கும் காற்றோடு தண்ணீரும் ஏராளமாக வருவதால், அதைத் தானாக வெளியேற்றும் ஆட்டோ டிரெயின் அடைத்துக்கொண்டால் ஃபில்டருக்குள் நீர் தேங்கிவிடும். முதலில் அதைப் பாருங்கள். செட்டிங்கை உயர்த்திச் சமாளிக்க வேண்டாம். ஒரு பார் கூட்டினால் மின்செலவு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும்.

உற்பத்தி நின்றிருக்கும் நாளில் இன்னொன்றையும் செய்யலாம். காற்றை யாருமே பயன்படுத்தாதபோதும் கம்ப்ரஸர் 2 நிமிடம் லோடிலும் (காற்றை அழுத்தியபடி) 8 நிமிடம் அன்லோடிலும் (அழுத்தாமல் வெறுமனே) மாறி மாறி ஓடினால், அதன் திறனில் 20 விழுக்காடு கசிவிலேயே போகிறது என்று பொருள். வேகம் மாறும் இன்வர்ட்டர் வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

உட்லண்ட்ஸ் பாய்லர்:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பாதுகாப்பைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஃபில்டர் கூட்டைத் திறப்பதற்கு முன் வால்வுகளை மூடிப் பூட்டி, உள்ளிருக்கும் அழுத்தம் முழுவதும் இறங்கிவிட்டதைக் கேஜில் உங்கள் கண்ணால் பார்த்த பிறகே அனுமதிச் சீட்டில் கையொப்பமிடுங்கள். ஷிப்டுக்குப் பொறுப்பானவர் சான்றிதழ் தேதிகளையும் அறிந்திருக்க வேண்டும்: அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளர் நீராவி பாய்லரை 12 மாதத்துக்கு ஒருமுறையும் அழுத்தக் காற்றைச் சேமிக்கும் தொட்டியான ஏர் ரிசீவரை 24 மாதத்துக்கு ஒருமுறையும் சோதித்திருக்க வேண்டும்.

மூத்தவர்களிடம் உத்தரவாகப் பேசாமல், "அண்ணே, இந்த டிரெயின் கடைசியாக எப்போது திறந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். லாக் புத்தகத்தில் ஏறாத பல விவரங்கள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது கம்ப்ரஸரை ஓட்டியதில் அவர்கள்மீது குறை சொல்வதற்கில்லை. லைன் நிற்கக் கூடாது என்பதே அவர்களுக்கு இதுவரை சொல்லப்பட்ட கட்டளையாக இருந்திருக்கும்.

துவாஸ் இரவுப்பணி:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு அளந்து பார்த்தோம். டிரையருக்குப் பின் 7.0, ஃபில்டருக்குப் பின் 6.2, லைனில் 5.9. டிரெயின் அடைத்திருப்பதை மூத்த டெக்னீஷியனே கண்டுபிடித்தார். ஃபில்டருக்கும் லைனுக்கும் இடையே போகும் 0.3 பாரையும் தேட வேண்டுமா?

ஜூரோங் பராமரிப்பு:
வேண்டும், ஆனால் இப்போதே அல்ல. பகலில் லைன் பொருள் மாற்றத்துக்காக நிற்கும்போது டிரெயினைச் சுத்தம் செய்து, ஃபில்டருக்குள் இருக்கும் வடிகட்டியான எலிமென்ட்டையும் மாற்றுங்கள். மாற்றிய அன்றே, லைன் முழு வேகத்தில் ஓடும்போது, நான்கு இடங்களின் அளவையும் லாக்கில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அழுத்தம் இறங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் தேவைப்படும். அதன் பிறகும் 0.3 பார் குறைந்தால், லைனுக்குள் நுழையும் ஹோஸின் விட்டத்தையும் இணைப்புகளையும் பாருங்கள்.