ஜிம் சுவரில் யார் படம்? ஜாக் லலேனா, நம் ஊர் வாத்தியாரா?

பொருநைக்கரை
பாளையில் எங்கள் தெருவில் சின்னதாக ஒரு ஜிம் திறக்கிறோம். காலையில் பையன்கள், பகல் 11 மணிக்குப் பெண்கள். சுவரில் அமெரிக்க உடற்பயிற்சி ஆசிரியர் ஜாக் லலேன் படத்தை மாட்டலாம் என்றேன். கூட்டத்தில் பாதிப் பேர் எதிர்த்தார்கள், அதனால் இங்கேயும் கேட்கிறேன்.

1914-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சிறுவயதில் இனிப்பே கதி, எந்நேரமும் தலைவலி. 15 வயதில் பால் பிராக் என்பவர் உணவு பற்றிப் பேசியதைக் கேட்டு ஆளே மாறினார். 1936-ல், 21 வயதில், ஓக்லாந்தில் உடற்பயிற்சிக்கூடம் திறந்தார். எடை தூக்கினால் மாரடைப்பு வரும் என்று மருத்துவர்களே பயமுறுத்திய காலம் அது. தசை இறுகி ஆட்டம் கெட்டுவிடும் என்று விளையாட்டுப் பயிற்சியாளர்களும் தடுத்தார்கள். அந்தக் காலத்தில் அவர் பெண்களையும் வயதானவர்களையும் எடை தூக்க வைத்தார். இதைவிட என்ன தகுதி வேண்டும்?

கர்லாக்கட்டை
அண்ணாச்சி, தண்டாலும் பஸ்கியும் நமக்கு யார் சொல்லித் தந்தது? கையில் பிடித்துச் சுழற்றும் மரக் கர்லாக்கட்டையை இந்தியாவில் பார்த்துத்தான் வெள்ளைக்காரப் பட்டாளம் ஐரோப்பாவுக்குக் கொண்டு போனது. 1904 ஒலிம்பிக்கில் அதைப் போட்டியாகவே வைத்தார்கள். நம் ஊர்ச் சிலம்பக்கூடங்களில் காசு வாங்காமல் கற்றுக்கொடுத்த வாத்தியார்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் படம்கூட எங்கும் இல்லை. எனக்கு அதுதான் வலிக்கிறது.

லலேன் என்ன செய்தார்? 1974-ல், 60 வயதில், கையில் விலங்கோடு அல்கட்ராஸ் தீவிலிருந்து படகை இழுத்துக்கொண்டு நீந்தினார். 70 வயதில் 70 படகுகளை இழுத்தார். சத்து மாத்திரையும் ஜூஸ் மிஷினும் விற்றார். வித்தை காட்டி வியாபாரம் செய்தவரை முன்னோடி என்கிறீர்கள்.

பொருநைக்கரை
தம்பி, படகை விடு. 1951-ல் ஆரம்பித்து 1985 வரை தொலைக்காட்சியில் அவர் நடத்திய நிகழ்ச்சியைப் பார். கருவி என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு நாற்காலி, ஒரு துண்டு, அவ்வளவுதான். அடுப்படியில் நிற்கிற அம்மாவைக் கூப்பிட்டு வா என்று டிவி முன்னால் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்வார். பிள்ளைகளைக் கவர ஒரு வெள்ளை நாயையும் உடன் வைத்திருந்தார். நம் வாத்தியார்கள் பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடங்களுக்குள் எத்தனை பெண்கள் கால் வைத்தார்கள்?

கண்டக்டர் மகள்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் ஓட்டு பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸுக்கு. லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியவர். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. வந்தாலும் தாமதமாக வந்தது. லலேன் நம்பினார், மோரிஸ் எண்ணிக் காட்டினார். அவரும் 99 வயது வரை இருந்தார்.

கர்லாக்கட்டை
அக்கா, அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. பிற்பாடு மோரிஸே சீருடையின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார். வேலைக்குச் சேரும்போதே ஓட்டுநர்கள் பருமனாக இருந்திருக்கிறார்கள். அப்படியானால் படிக்கட்டு மட்டும்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

கண்டக்டர் மகள்
அதனால்தான் அவரை மதிக்கிறேன். தன் முடிவை முதலில் சந்தேகப்பட்டவரே அவர்தான். அதோடு நிற்கவில்லை. தபால்காரர்களையும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர்களையும் ஒப்பிட்டார். அப்புறம் அரசு ஊழியர்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார். எங்கே பார்த்தாலும் உடம்பை அசைப்பவர்களுக்கு நோய் குறைவாகவே இருந்தது.

இங்கே நம் நிலையை யோசியுங்கள். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் மடியில் சொளவை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பீடி சுற்றும் பெண்கள் எத்தனை பேர்! மோரிஸின் ஓட்டுநர்களைவிட அதிக நேரம் உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள். கழுத்து பிடித்துக்கொள்கிறது, இடுப்பு விட்டுப்போகிறது. என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். வீட்டில் வேலை செய்கிறாயே, உனக்கு எதற்கு உடற்பயிற்சி என்றுதான் அவரிடம் எல்லோரும் சொன்னார்கள்.

பொருநைக்கரை
இதையேதான் நானும் சொல்கிறேன், தங்கச்சி. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுத் தரும் பயிற்சி வேண்டும் என்று இன்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, முதியவர்களையும் சேர்த்து. லலேன் 1936-ல் சொன்னபோது அவரை ஏமாற்றுக்காரர் என்றார்கள். ஆதாரம் வரும் முன்பே ஒருவர் கூடத்தைத் திறந்து வைக்காவிட்டால், ஆதாரம் வந்த பிறகு ஜனங்கள் எங்கே போவார்கள்?

கர்லாக்கட்டை
அவர் நம்பியது இந்த விஷயத்தில் சரியாகப் போனது. அதற்காக அவர் விற்றதெல்லாம் சரியாகிவிடாது அண்ணாச்சி. அந்தப் படத்தைப் பார்க்கிற பையன் நாளைக்கே புரத மாவு டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பான். அவனுக்கு அவித்த கடலையும் முட்டையும் போதும் என்று யார் சொல்வது? நான் சம்மதிக்க மாட்டேன். 11 மணி வகுப்பு வேறு விஷயம். அதற்குச் சின்னக் கர்லாக்கட்டைகள் கடைந்து தரச் சொல்லி ஆசாரியிடம் நானே கேட்கிறேன். தோளுக்கும் கழுத்துக்கும் நல்லது.

கண்டக்டர் மகள்
எடை குறைவாகக் கடையச் சொல்லுங்கள் அண்ணே. உட்கார்ந்து எழும்பிப் பழக, கைப்பிடி இல்லாத கனமான மர நாற்காலிகளும் வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். என் அம்மாவோடு இன்னும் சிலரும் வருவதாகச் சொல்கிறார்கள். 11 மணி ஒத்துவராது, பீடிக்கடையில் கணக்குக் கொடுக்கிற நேரம் அது. சாயங்காலம் 5 மணிக்கு மாற்ற முடியுமா?