53 வயதுதான் ஆகிறது, அதற்குள் ரிட்டயர்மென்ட்டுக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். எனக்கு மட்டும்தானா?

லேத்துக்காரன்72:
வணக்கம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் 1996-லிருந்து இருக்கிறேன். பாலிடெக்னிக் முடித்து லேத்தில் நின்றவன், இப்போது க்வாலிட்டியில் இருக்கிறேன். போன மாதம் ஒரு ஷாஃப்ட்டை அளக்கும்போது மைக்ரோமீட்டர் கோடு தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, ஜன்னல் பக்கம் திரும்பியும் பார்த்துவிட்டேன், ம்ஹூம். பக்கத்தில் நின்ற டிரெய்னி பையன், 22 வயது இருக்கும், எட்டிப் பார்த்து "24.98 ங்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மரியாதையாகத்தான் சொன்னான், பாவம். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அந்த வயதில் நைட் ஷிஃப்ட் முடித்து காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால் வீட்டுக்குப் போக மாட்டோம். நான்கு பேர் சைக்கிளை மருதமலைக்கு விடுவோம், படி ஏறி முருகனைப் பார்த்து இறங்கி, அடிவாரத்தில் இட்லி தின்றுவிட்டு மதியம் கொஞ்சம் தூங்கினால் போதும், ராத்திரி மறுபடி மெஷினில் நிற்கலாம். இப்போது ஒரு நைட் பார்த்தால் மூன்று நாளைக்கு உடம்பு சொன்னபடி கேட்பதில்லை. 58 முடிய 2030 ஆகிவிடும். வீட்டுக் கடன் 2029 வரை, பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். 55-லேயே போதும் என்று வெளியே வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பென்ஷன் ஏதாவது தேறுமா?

வட்டிக்கணக்கு:
அண்ணா, மனசு சமாச்சாரம் மற்றவர்கள் சொல்லட்டும், நான் கணக்கை மட்டும் சொல்கிறேன். பி.எஃப். பென்ஷனை மலைபோல் நம்ப வேண்டாம். பென்ஷனுக்கான சம்பளத்தைச் சேவை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். அந்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு, 2014 ஆகஸ்ட் வரைக்கும் 6,500, அதன்பிறகு 15,000. வரம்புக்கு மேல் உள்ள சம்பளத்துக்கும் பென்ஷன் வேண்டும் என்று நீங்கள் ஆப்ஷன் எழுதிக் கொடுக்கவில்லை என்றால், 58 வரை இருந்தாலே மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு பக்கம்தான் வரும். 55-ல் வாங்கினால் முந்துகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, சேவையிலும் மூன்று வருடம் போச்சு, நாலாயிரம் வந்தால் பெரிது. ஐம்பது வயதிலிருந்தே வாங்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அந்த வெட்டு சாகும்வரை கூடவே வரும், 58 ஆனதும் சரியாகிவிடும் என்று நினைத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

58-ல் முறையாக ஓய்வு பெற்றால், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அந்தத் தொகையை போஸ்ட் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடலாம், 60 வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போது 8.2 சதவீதம். பத்து லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500. கடன் முடியாமல் வெளியே வராதீர்கள், அவ்வளவுதான்.

பெல்லடித்தவாத்தியார்:
தம்பி, நாள் எண்ணுவதில் நான் உங்களுக்கு சீனியர். தாராபுரம் பக்கம் அரசுப் பள்ளி. என் கடைசி நாள் 31-5-2020. டைரியில் பின்னாலிருந்து நம்பர் போட்டு தினமும் ஒன்றை அடித்துக்கொண்டே வந்தேன். கொரோனாவில் பள்ளியே பூட்டிக் கிடந்தபோது, மே முதல் வாரத்தில் டிவியில் செய்தி, ஓய்வு வயது 58 இல்லை, 59. சரி, ஒரு வருடம்தானே என்று மறுபடி நம்பர் போட்டேன். 2021 பிப்ரவரியில் பேரவையில் 110 விதியில் அறிவித்து 60 ஆக்கிவிட்டார்கள். வீட்டில் சிரிக்கிறார்கள், எனக்கு அழுகை வராத குறை. சம்பளம் வருகிறதே, கசக்கிறதா என்று கேட்டவர்களும் உண்டு.

இதில் ஒரு கூத்து. எனக்குக் கொடுக்க வேண்டும் என்று ஊரடங்குக்கு முன்பே சகஆசிரியர்கள் காசு போட்டுக் குத்துவிளக்கு வாங்கி, ஹெட்மாஸ்டர் அறை பீரோவில் வைத்துவிட்டார்கள். சாவி வாங்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும். 2022 மே கடைசியில் வெளியே எடுத்தால் கறுத்துப்போய்க் கிடக்கிறது, விழாவன்று காலையில் சத்துணவுக்கூடத்துப் புளியைப் போட்டுத் தேய்த்துத்தான் மேடைக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த இரண்டு வருடமும் நான் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. பத்தாம் வகுப்புப் பையன்கள் பெயர்கூட மனதில் நிற்கவில்லை. 1988-ல் முதன்முதலாகப் பாடம் எடுத்த வகுப்பின் அட்டென்டன்ஸை இன்றைக்கும் பார்க்காமல் ஒப்பிப்பேன்.

ஆர்எஸ்புரத்தக்கா:
எல்லாம் சரி, ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வருகிறவரை வைத்துக்கொண்டு சமாளிப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை பாருங்கள். எங்கள் வீட்டுக்காரர் பேங்க்கில் இருந்து 60-ல் வந்தார். முதல் வாரம் தூங்கினார். இரண்டாவது வாரம் சமையலறைக்குள் வந்து பருப்பு டப்பாவுக்கெல்லாம் லேபிள் ஒட்டினார். முப்பது வருடமாகத் துவரம்பருப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? பத்து மணிக்கே "மதியத்துக்கு என்ன குழம்பு?". ஒருநாள் பையைக் கையில் கொடுத்து உழவர் சந்தைக்கு அனுப்பினேன். இப்போது தினமும் விடிகாலையில் போகிறார், சின்ன வெங்காயம் விலை ஒரு ரூபாய் ஏறினாலும் முதலில் தெரிவது எனக்குத்தான். அங்கே நான்கு பேர் சிநேகிதமாகிவிட்டார்கள், டீ குடித்துவிட்டு ஒன்பது மணிக்குத்தான் வருகிறார். தம்பி, வீட்டம்மாவிடம் முதலில் பேசுங்கள்.

லேத்துக்காரன்72:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, பேசினேன். "கடன் முடியட்டும், அப்புறம் லேபிள் ஒட்டுங்கள்" என்றாள், நான் உங்கள் பதிலை அவளுக்குப் படித்துக் காட்டியது தப்பாகிவிட்டது. வட்டிக்கணக்கு தம்பி, 55 ஆசையை விட்டுவிட்டேன். நைட் ஷிஃப்ட்டிலிருந்து மட்டும் எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு மருதமலை போனோம். ஒருவன் முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு வந்தான். இடும்பன் சன்னிதி வரைக்கும் ஏறி அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, இறங்கி வந்து கோயில் பஸ்ஸில் மேலே போனோம்.

அப்புறம், அந்த டிரெய்னி பையனிடமே கேட்டேன். ஸ்டோரில் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் ஒன்று இருக்கிறதாம், நம்பர் பெரிதாகத் தெரியுமாம். பேட்டரிதான் இல்லையாம்.