செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் பெட்ரோல் மேனுவல், டெய்லி ஓட்ட எப்படி பழகுறது?

கேள்வி: அண்ணன்களே, 2014 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் வாங்கிட்டேன், தாம்பரத்துல இருந்து கிண்டி வரைக்கும் தினமும் ஆபீஸ் போக. கிளட்ச் ரொம்ப மேல வந்துதான் புடிக்குது, கத்திப்பாரா பாலத்துல ஏத்தத்துல நின்னா பின்னாடி உருளுமோன்னு பயமா இருக்கு. முதல்ல என்னென்ன பாக்கணும்?

பதில் 1: வாழ்த்துகள் தம்பி, நல்ல வண்டி. நாலாவது கியர்ல மெதுவா போறப்ப ஆக்ஸிலேட்டரை நல்லா அழுத்திப் பாருங்க, ஆர்பிஎம் (இன்ஜின் சுத்துற வேகம்) மட்டும் ஏறி வண்டி வேகம் எடுக்கலைன்னா கிளட்ச் பிளேட் தேஞ்சிருச்சு, அப்படி ஆகாத வரைக்கும் மாத்த வேண்டாம். ஏத்தத்துல ஹேண்ட்பிரேக் போட்டுட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்க, முன்பக்கம் லேசா தூக்கும் பாருங்க, அப்ப ஹேண்ட்பிரேக்கை எறக்குங்க, உருளவே உருளாது. சிக்னல்ல நியூட்ரல் போட்டு காலை எடுத்துருங்க, அரை கிளட்ச்ல நிக்கிறதுதான் பிளேட்டைத் தின்னுரும்.

பதில் 2: உங்க ஸ்விஃப்ட்ல இருக்குற கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின்ல டைமிங் செயின்தான் இருக்கு, டைமிங் பெல்ட் கிடையாது, அதனால டைமிங் பெல்ட் மாத்தணும்னு எந்த மெக்கானிக்காவது சொன்னா நம்பாதீங்க. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது, பட்டன் (ரோட்டுல படுற கட்டை கட்டையான பகுதி) நல்லா இருந்தாலும் ரப்பர்ல விரிசல் விட்டிருந்தா மாத்திருங்க. பிரேக் ஆயில் எப்ப மாத்துனாங்கன்னு தெரியலைன்னா இப்பவே மாத்துங்க.

பதில் 3: இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தக் கேளுங்க ப்ரோ, ஆர்சி மாத்துறதோட சேத்தே பண்ணிருங்க, நிறைய பேர் இதைத்தான் விட்டுடுறாங்க.

கேள்வி கேட்டவர்: நன்றிண்ணா, ஞாயித்துக்கிழமை காலைல காலியா இருக்குற பாலத்துல ஹேண்ட்பிரேக் பழகிப் பாக்குறேன்.